பிரசவ வார்டுக்கு வந்த உரல்

கர்ப்பிணிக்கு அறிவுரை சொல்ல எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தகுதியும் தேவையில்லை. பிள்ளை பெற்றவள் சொல்லலாம், பெறாதவள் சொல்லலாம், தபால் கொடுக்க வந்தவரும் ஒரு தம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்லலாம். சொல்லக் கூடாத ஒரே ஆள் அந்தத் தொழிலைப் படித்தவள்தான். நான் படித்தவள். மதுரையில் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்று, சின்னமனூரிலிருந்து மாட்டுவண்டியில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே பெரிய மனிதர்கள்.

தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் இன்றும் என்னைத் தேடி வந்து, "எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் விடுவதில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் கூட வந்திருக்கும் மாமியாரோ சித்தியோ பாதியில் புகுந்து தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறாள். அதனால் எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவில் யாரும் வந்து உட்கார முடியாது.

அது யுத்த காலம். போடிக்கு ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மதுரைக்குப் போக வேண்டுமென்றால் கரி பஸ்தான் கதி. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பைப் பொருத்தி, அதில் கரியைக் கொட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதி, கிளம்புகிற வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் மேடு ஏறும்போது ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டும். மண்ணெண்ணெயை அளந்து கொடுத்தார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரையை எங்கள் டாக்டர் தங்க நகையைப்போலப் பூட்டி வைத்திருந்தார்.

நான் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவள். பண்ணைப்புரத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. அப்பா சிறுவயதிலேயே இறந்துபோனதால் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, நர்ஸ் வேலைக்குப் போனேன். அப்படிப் போனவளைப் பெண் கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர். கையால் எந்த வேலையும் ஓடாது. பென்சில் சீவினால்கூட விரலில் துணி சுற்றிக்கொண்டு வருவார்.

கர்ப்பமானதும் பிரசவத்துக்கான என் தயாரிப்பை நானே பார்த்துக்கொண்டேன். வாரம் ஒரு தடவை சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல அது திரிந்துகொண்டால் ஆல்புமின் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் உடம்பு பிள்ளையைத் தாங்கத் திணறுகிறது, ஜன்னி வரக்கூடும், உடனே கவனிக்க வேண்டும். எனக்குத் திரியவில்லை. ஆனால் கண்ணின் கீழிமையை விலக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வெளுத்திருந்தது. இரண்டு மழைக்காலம் மலேரியாவில் கிடந்த உடம்பு, ரத்தம் குறைவு. முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி, வெல்லம் என்று தின்றேன். காலையும் மாலையும் வாய்க்கால் கரையில் நடந்தேன்.

இவ்வளவையும் என் மாமியாரின் கண்ணெதிரே செய்ய வேண்டியிருந்தது.

"என்னத்தா இது, மூத்திரத்தப் போயி அடுப்புல வச்சுக் காச்சுற? ஆக்கித் திங்கிற வீட்டுல செய்யிற வேலையா?"

"அத்தை, இது அடுப்பு இல்ல. விளக்கு."

"வெளக்குல காச்சுனா மட்டும் லச்சுமி வந்துருவாளாக்கும்!"

திராட்சை தின்றால் பிள்ளை கறுக்கும், வாசற்படியில் நின்றால் பிள்ளை குறுக்கே நிற்கும், முருங்கைக்கீரை வாயு. அத்தையிடம் பட்டியல் நீளமாக இருந்தது. நடக்காதே என்பார். நடக்கப் போனால் பின்னாலேயே நடந்து வருவார். வயலில் நிற்கும் ஆட்களிடம், "சொன்னா கேக்க மாட்டேங்குறா, படிச்சவ" என்று போகிற வழியெல்லாம் புகார் சொல்லிக்கொண்டே வருவார். ஆனால் நான் தடுக்கினால் பிடிக்க ஒரு கையை எப்போதும் நீட்டியபடிதான் வருவார் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் என்னால் எனக்குச் செய்துகொள்ள முடியவில்லை. வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்க எங்களிடம் மரத்தால் கடைந்த ஒரு குழல் உண்டு. ஒரு முனை புனல்போல அகன்றிருக்கும், மறுமுனை தட்டையாக இருக்கும். அகன்ற முனையைத் தாயின் வயிற்றில் வைத்துத் தட்டை முனையில் காதை ஒட்டினால், தலையணைக்கடியில் வைத்த கைக்கடிகாரம்போல ஒரு சத்தம் கேட்கும். பிரசவத்தில் மற்ற எல்லாம் ஊகம். இது ஒன்றுதான் பிள்ளை நம்மிடம் நேரடியாகச் சொல்லும் சமாசாரம். சீராக, வேகமாக அடித்தால் காத்திருக்கலாம். மந்தப்பட்டால் காத்திருக்கக் கூடாது. ஊரிலுள்ள வயிற்றிலெல்லாம் காதை வைத்தவள் நான். சொந்த வயிற்றுக்கு என் கழுத்து எட்டவில்லை.

அதற்கு எஸ்தரை நம்ப வேண்டியிருந்தது. விடுப்பில் போகும் எனக்குப் பதிலாக அனுப்பப்பட்டவள் அவள். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். பயிற்சி முடித்த ஈரம் காயவில்லை. கூட யாருமில்லாமல் தானே பார்க்கப்போகிற முதல் பிரசவம் என்னுடையது என்பதை வந்த அன்றே சொன்னாள். மறைத்திருக்கலாம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கேக்குது சிஸ்டர்."

"எத்தனை?"

"நல்லாக் கேக்குது."

"நல்லாக் கேக்குதுங்கிறது ஒரு கணக்கா எஸ்தர்?"

மறுபடி குழலை வைத்து எண்ணுவாள். எண்ணும்போது உதடு அசையும். நடுவில் நான் ஏதாவது கேட்டுவிடுவேன், எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இப்படி ஒரு மாதம் கழிந்தது.

இதற்கு நடுவில் என் அம்மா. எங்கள் வழக்கப்படி ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது சட்டம். அதை மீறியவர்களை அரசாங்கம் தண்டிக்காது, சொந்தக்காரர்கள் தண்டிப்பார்கள்.

"நாலு பேரு என்ன சொல்லுவாக? ஒத்தப் பொம்பளப் புள்ளைக்குப் பேறுகாலம் பாக்க வக்கில்லாம ஆசுபத்திரியில கொண்டுபோயித் தள்ளிட்டாள்னு சொல்ல மாட்டாகளா?"

"ஆத்தா, அந்த ஆஸ்பத்திரியில நான் வேலை பாக்குறேன். யாரும் என்னயத் தள்ளல."

"வேல பாக்குற எடத்துலயா புள்ள பெறுவாக? களையெடுக்கப் போறவ வயக்காட்டுலயா பெறுறா?"

பெறுகிறாள் என்பதை இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். ஆனால் வாதத்தில் அதைச் சொல்லி லாபமில்லை. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். படித்தவர்கள் செய்யும் தவறு அதுதான்.

பத்தாம் மாதம் பிறந்ததும் ஆத்தா வண்டி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினாள். வண்டியில் கருப்பட்டி, நல்லெண்ணெய், பழைய சேலைக் கிழிசல், சுக்கு, மிளகு. இவை எல்லாருக்கும் வருபவை. இவற்றுக்கு நடுவில் வைக்கோல் மெத்தையிட்டு, எங்கள் வீட்டில் நெல் குத்தும் மர உரல் படுத்திருந்தது.

"நீதான் வீட்டுக்கு வர மாட்டேன்னுட்ட. அதான் வீட்டக் கொண்டாந்துட்டேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் பிரசவ வலி எடுத்தவளைப் பாயில் படுக்க வைக்கும் பழக்கமில்லை. உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மண்டியிடச் சொல்வார்கள். ஆத்தா என்னைப் பெற்றதும் அந்த உரலைப் பிடித்துத்தான். ஆகவே உரல் இருக்கும் இடம் தாய்வீடு. உரல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் ஆஸ்பத்திரி தாய்வீடு. சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது. கேட்க அபத்தமாக இருக்கும். ஆனால் அரசாங்க அலுவலகங்களில் இதைவிட மோசமான வாதங்களுக்கு உத்தரவு கிடைத்து நான் பார்த்திருக்கிறேன்.

அத்தை வந்து உரலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஏன் மதினி, நெலக்கதவையும் பேத்துக் கொண்டாந்திருக்கலாமுல்ல?"

"வண்டி பத்தல மதினி" என்றாள் ஆத்தா, கொஞ்சமும் சிரிக்காமல்.

டாக்டர் வெளியூர்க்காரர். உரலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "நர்ஸம்மா, இது என்ன?"

"உரல் சார்."

"அது தெரியுது. இங்க ஏன் இருக்கு?"

"தாய்வீடு சார்."

உடனே அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டி திரும்பிப் போயிருந்தது. ஆஸ்பத்திரிச் சிப்பந்தி உரல் தூக்குவது தன் வேலையில் சேராது என்றார். எஸ்தர் அதைப் பினாயில் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிரசவ அறையின் மூலையில் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, அதன்மேல் தண்ணீர்க் குடத்தை வைத்தாள். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி போர்த்திவிட்டால் எதுவும் ஆஸ்பத்திரிச் சாமான்தான். டாக்டர் அதற்கப்புறம் அதைக் கவனிக்கவேயில்லை.

ஒரு சனிக்கிழமை விடியும்போது வலி ஆரம்பித்தது.

"சனிக்கெழமையா?" என்று அத்தை மாரில் கை வைத்தார். "நாளைக்கு விடியிற வரைக்கும் பொறுத்துக்க முடியாதா?"

"அது என் கையில இல்ல அத்தை."

"எல்லாம் படிச்சிருக்கேன்னு சொன்ன?"

குச்சனூர் சனீஸ்வரருக்கு எள் விளக்கு நேர்ந்துகொண்டு, சாமி நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பது ஒருவகையில் நல்லதுதான், நமக்குச் சலுகை உண்டு என்று தனக்குத் தானே ஆறுதலும் சொல்லிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். காலை நேரக் கூட்டம் முடியும் வரை வெளிவராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. வலி வந்து நான் முன்னால் சாயும்போதெல்லாம் மறுகோடியில் உட்கார்ந்திருந்த காய்ச்சல்காரர் ஓரங்குலம் உயர்ந்து இறங்கினார். "அம்மா, கொஞ்சம் அசையாம இருங்க" என்றார். இந்த உலகத்தில் அந்த நேரத்தில் நான் கொல்ல நினைத்தவர்களில் அவர் முதலாமவர்.

பிறகு உள்ளே ஆயத்தங்கள். விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், குடல் முறுக்கும்போது கருப்பையும் சேர்ந்து முறுக்கும் என்பது கணக்கு. பிறகு எனிமா, அதாவது சோப்புத் தண்ணீரைப் பின்வழியாக ஏற்றிக் குடலைக் காலி செய்வது. பிள்ளை இறங்க இடம் வேண்டும். பிறகு சவரம், வெந்நீர்க் குளியல். இன்று இவற்றில் பாதி தேவையில்லை என்கிறார்கள். அன்று கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், ஆனால் அன்று கேட்கும் வழக்கம் இல்லை.

"சிஸ்டர், இப்ப உங்களுக்கு எனிமா குடுக்கப் போறேன். பயப்பட வேண்டாம்."

"எஸ்தர், இந்த வாக்கியம் நான் உனக்குச் சொல்லிக் குடுத்தது."

"ஆமா சிஸ்டர். பயப்பட வேண்டாம்."

வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்குத்தானே வருகிறீர்கள். அது அலைபோல வரும், ஏறும், உச்சியில் நிற்கும், இறங்கும். இறங்கிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அந்த இடைவெளியில் தூங்கலாம், பேசலாம், கணவனைத் திட்டலாம். முதல் கட்டம் முழுக்கக் கருப்பையின் வாய் திறப்பதுதான். அதை விரல் கணக்கில் அளப்போம். இந்தக் கட்டத்தில் முக்கிப் பயனில்லை, மூச்சு விட்டால் போதும். இதெல்லாம் உண்மை. எல்லாப் பெண்களுக்கும் நான் சொன்னதும் இதுதான்.

எனக்கு வந்த வலி அப்படி இறங்கிப் போகவில்லை. முதுகின் அடியில் ஆணியடித்ததுபோல அங்கேயே நின்றது. மத்தியானத்துக்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளை பொதுவாகத் தாயின் முதுகைப் பார்த்தபடி தலைகீழாக இறங்கும். சில பிள்ளைகள் மாறி, தாயின் வயிற்றுப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்போது பிள்ளையின் பிடரி தாயின் முதுகெலும்பில் இடிக்கும். உள்ளேயே அரைவட்டம் திரும்பினால்தான் வழி கிடைக்கும். பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும், ஆனால் நேரமாகும். திரும்பாமலும் போகும்.

"எஸ்தர், முதுகு எந்தப் பக்கம் தட்டுப்படுது பாரு."

வயிற்றைத் தடவிப் பார்த்தவள் மறுபடி தடவினாள். இரண்டாம் தடவை தடவியதே பதில்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை முடிச்சு அவிழ்க்கும் வேலையில் இறங்கினார். பிரசவம் தாமதமானால் வீட்டிலுள்ள பெட்டி, பூட்டு, முடிச்சு எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். வெளியே கட்டு அவிழ்ந்தால் உள்ளேயும் அவிழும் என்று நம்பிக்கை. வீட்டுக்குப் போய்ப் பெட்டிகளைத் திறந்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, என் தலைமுடியையும் அவிழ்த்தார். அவர் மகன் வேட்டிக்குமேல் பெல்ட் போடுகிறவர் என்பதால் மானம் தப்பியது. அத்துடன் நின்றிருக்கலாம். பிரசவ அறை அலமாரியில் வெள்ளைத் துணிப் பொட்டலங்கள் முடிச்சு முடிச்சாக இருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

அவை நான் விடுப்பில் போகுமுன் என் கையால் ஆவியில் வேகவைத்துக் கட்டிய துணிகள், பஞ்சு, தொப்புள்கொடி கட்டும் நூல். கிருமி அண்டாமல் இருக்கத்தான் அந்த முடிச்சு. பிரசவித்தவளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து சாவது இதில் செய்யும் அலட்சியத்தால்தான். எஸ்தர் கத்திய கத்தலில் நான் வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தேன். அத்தை எல்லாப் பொட்டலங்களையும் அவிழ்த்து, தொப்புள் நூலைத் தன் மடியில் அழகாகச் சுற்றி வைத்திருந்தார்.

"அத்தை! என்ன காரியம் செஞ்சீக?"

"கையக் கழுவிட்டுத்தானத்தா அவுத்தேன்?"

மறுபடி எல்லாவற்றையும் வேகவைக்க வேண்டும். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் இல்லை. ஆஸ்பத்திரியின் பங்கு வர இன்னும் நாளிருந்தது. வெளியே நின்ற என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு நிறைபுட்டி மண்ணெண்ணெய். அந்த மாதம் முழுக்க மாலையில் விளக்கேற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தாரே, கண்ணுக்கு ஓய்வு என்று காரணம் சொன்னாரே, அது இதற்காக. கொஞ்சம் வழியிலேயே சிந்தியிருந்தது. அவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

விளக்கு வைக்கும் நேரமாயிற்று. கருப்பையின் வாய் திறந்திருந்தது. தலை இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொண்டார். அந்த முகத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

"தலை மேலேயே நிக்குது நர்ஸம்மா. இவ்வளவு மேல இருக்கும்போது ஆயுதம் போட மாட்டேன்." ஆயுதம் என்பது பிள்ளையின் தலையைப் பிடித்து இழுக்கும் இரும்பு இடுக்கி. "மதுரைக்குப் போனா வயித்தக் கீறி எடுப்பாங்க. கடைசி பஸ் வாசல்ல நிக்குது. நிறுத்தச் சொல்லிட்டேன். கரி போட்டுட்டிருக்காங்க."

நான் பயந்த இடம் இதுதான். அதற்கு முன் ஒரு பெண்ணை அப்படி அனுப்பியிருக்கிறோம். பஸ்ஸைத் தள்ள ஆண்கள் இறங்கி நின்ற கணவாய் மேட்டில் அவள் பெற்றாள். பிள்ளை அழவில்லை. அதே பஸ், அதே மேடு. இங்கேயே இருந்து பிள்ளை திரும்பாமல் போனாலோ, விடிந்த பிறகு மதுரைக்குப் போயும் பயனில்லை. இரண்டு பக்கமும் பணயம் என் பிள்ளைதான்.

"சார், துடிப்பு நல்லா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே."

"நல்லா இருக்கா?"

எல்லாரும் எஸ்தரைப் பார்த்தார்கள். அவள் குழலை வைத்தாள், எடுத்தாள், இடம் மாற்றி வைத்தாள். "கேக்குது... இல்ல சிஸ்டர்... வெளிய சத்தமா இருக்கு."

வெளியே உண்மையிலேயே சத்தம். பஸ்ஸின் கரியடுப்பை ஊதும் சக்கரம் உர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியவர் என் வீட்டுக்காரர். கிளீனர் கை ஓய்ந்து உட்கார்ந்ததும் இவர் வாங்கிக்கொண்டாராம். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கைவேலை அவருக்கு நன்றாக வந்தது, அது என் பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"அத நிறுத்தச் சொல்லுங்க!" என்றேன்.

அத்தை வாசலுக்கு ஓடினார். அவர் குரல் சின்னமனூர் வரை கேட்டிருக்கும். "ஏலே! நிறுத்துலே அந்தச் சக்கரத்த! உள்ள புள்ளச் சத்தம் கேக்கலையாம்! பஸ்ஸுல ஒருத்தரும் மூச்சு விடப்புடாது!"

சக்கரம் நின்றது. ஜன்னல் வழியாக இஞ்சிக் கஷாயம், பெருங்காயம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்த பிரயாணிகள் வாயடைத்தார்கள். கோழிக்கூடையோடு வந்திருந்த யாரோ கோழியின் மூக்கைக்கூடப் பிடித்திருக்க வேண்டும். அப்படி ஒரு அமைதி.

"எஸ்தர், எண்ணாத" என்றேன். "கேக்கக் கேக்க, என் கையில தட்டு."

அவள் காதை ஒட்டி, கண்ணை மூடி, என் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு விரல் தட்டத் தொடங்கியது. தட்டு, தட்டு, தட்டு. என் நாடியைவிட இரண்டு பங்கு வேகம். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் சரியான இடைவெளி. வலி வந்தபோது சற்று மெதுவாகி, வலி போனதும் பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டது. அப்படித்தான் பிடிக்க வேண்டும். டாக்டர் பைக்கடிகாரத்தைத் திறந்து வைத்து அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையும் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு நான் அத்தனை வருஷம் கேட்டுச் சொன்னது, எனக்கு முதல் தடவையாக வந்து சேர்ந்தது.

"சரி" என்றார் டாக்டர். "கரி பிடிக்கிற வரைக்கும். அதுக்குமேல கிடையாது."

மல்லாந்து கிடந்தால் பிள்ளையின் எடை முழுக்க முதுகெலும்பில் கிடக்கும், திரும்ப இடமிராது. வயிறு முன்னால் தொங்கும்படி இருந்தால் பிள்ளையின் முதுகு கனத்தால் முன்னுக்கு வரும். பயிற்சியில் எங்கள் தலைமை நர்ஸான மேட்ரன் ஒரே ஒரு தடவை சொன்னது. அதற்கு மண்டியிட்டு எதன்மேலாவது கவிழ வேண்டும். இரும்புக் கட்டில் உயரம். ஸ்டூல் சாய்ந்துவிடும். வராந்தா பெஞ்சின் யோக்கியதையைத்தான் ஏற்கெனவே சொன்னேன். அந்த அறையில் சரியான உயரத்தில், நான் முழுபலத்துடன் சாய்ந்தாலும் நகராத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"எஸ்தர், குடத்த இறக்கு."

அவள் குடத்தை இறக்கித் துணியை உருவினாள். டாக்டரின் கண்ணாடி மூக்கில் இறங்கியது. "இன்னும் இங்கதான் இருக்கா இது?"

நான் கட்டிலிலிருந்து இறங்கி, மண்டியிட்டு, உரலின்மேல் இரண்டு கையையும் போட்டுக் கவிழ்ந்தேன். ஆத்தா என் பின்னால் வந்து இடுப்பை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

வெளியே மறுபடி சக்கரம் சுற்றத் தொடங்கியது. எஸ்தர் தரையில் படுக்காத குறையாக என் வயிற்றடியில் நுழைந்து குழலை வைத்து, என் புறங்கையில் தட்டினாள். வலி வரும், போகும், அவள் தட்டுவாள். வலி வரும், போகும், தட்டுவாள். சக்கரச் சத்தத்திலும் இப்போது அவளுக்குக் கேட்டது. எங்கே கேட்க வேண்டும் என்று காது கண்டுகொண்டது. எனக்கு உரலில் ஊறியிருந்த தவிட்டு வாசனையும் அதன்மேல் பினாயில் வாசனையும் மட்டும்தான் ஞாபகம். எந்தப் பாடமும் ஞாபகமில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: எவ்வளவு படித்திருந்தாலும் அந்த நேரத்தில் ஞாபகம் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் இருப்பவளுக்கு இருந்தால் போதும்.

கரி வாசனை ஜன்னல் வழியாக வந்தது. எஞ்சின் ஒரு தடவை இருமியது. டாக்டர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்போது உள்ளே ஏதோ புரண்டது. தூக்கத்தில் ஒருவர் மறுபக்கம் திரும்பிப் படுப்பதுபோல, அவ்வளவுதான். முதுகில் நாள் முழுக்க நின்ற ஆணி கழன்றது. அடுத்த வலி முன்பக்கமாக வந்தது. கூடவே, என்னைக் கேட்காமலே என் உடம்பு முக்கியது.

"எஸ்தர்."

அவள் பார்த்துவிட்டு, "சார், தலை!" என்று கத்தினாள். பாடத்தில் அப்படிக் கத்தக் கூடாது.

"பஸ்ஸைப் போகச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

டிரைவர் போக மறுத்துவிட்டார். "பிடிச்ச கரியை நான் என்ன செய்ய? என்ன புள்ளைன்னு தெரிஞ்சுக்கிட்டே போறோம், நீங்க மெல்லப் பாருங்க" என்று சொல்லியனுப்பினாராம்.

தலை வரும்போது முக்கக் கூடாது, வாயைத் திறந்து மூச்சை ஊதி விட வேண்டும், இல்லையென்றால் கிழியும். "முக்காதீங்க சிஸ்டர், ஊதுங்க, ஊதுங்க" என்று எஸ்தர் அதட்டினாள். நான் ஊதினேன். தலை, பிறகு ஒரு தோள், பிறகு மொத்தமும் சூடாக வழுக்கிக்கொண்டு வெளியே போயிற்று.

சத்தமில்லை.

உரலின்மேல் கிடந்தபடியே கழுத்தைத் திருப்பினேன், எஸ்தர் விரலில் துணியைச் சுற்றிப் பிள்ளையின் வாயைத் துடைப்பது தெரிந்தது. தலையைத் தாழ்த்திப் பிடித்து முதுகைத் தேய்ப்பது தெரிந்தது. என் நாக்கு நுனியில் பத்து உத்தரவுகள் வந்து நின்றன. பிறகு பூனை தும்மியதுபோல ஒரு சத்தம். அப்புறம் அழுகை. அப்புறம் வாசலில் பஸ்ஸின் ஹாரன், நிறுத்தாமல்.

பெண்பிள்ளை. மறுபடி வேகவைத்த நூலால் தொப்புள்கொடியைக் கட்டி, என்னைக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். என் வீட்டுக்காரர் தலைமுதல் கால்வரை கரிபூசி வாசலில் நின்று, "நான் உள்ளே வரலாமா?" என்று கேட்டார். முடியாது என்று எஸ்தர் சொன்னாள். அந்தச் சட்டம் நான் போட்டது.

அதற்குள் தீர்ப்பு வழங்கும் வேலை ஆரம்பித்துவிட்டது.

"தாய்வீட்டு ஒரலப் புடிச்சுத்தான் பெத்தா. எல்லாரும் பாத்துக்கங்க" என்றாள் ஆத்தா.

"முடிச்சு அவுக்காம ஒரலு என்ன செஞ்சிருக்கும் மதினி? மத்தியானமே நான் அவுத்ததாலதான் இப்பவாச்சும் எறங்குச்சு."

"பொறுமையா இருந்தா எல்லாம் சரியா வரும்னு நான் முதல்லயே நினைச்சேன்" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

"சனிக்கெழமை பொறந்திருக்கு, அதச் சொல்லுங்க மதினி!" என்றார் அத்தை.

"குச்சனூரான் பாத்துக்குவாரு, நீங்கதானே சொன்னீக?"

எஸ்தர் பிள்ளையைக் கொண்டுவந்து என் மார்மேல் கிடத்தினாள். நான் அதைக் கொஞ்சம் மேலே தூக்கி, மரக்குழல் இல்லாமல், நேராக அதன் நெஞ்சில் என் காதை வைத்தேன். இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு சம்பந்திகளும் உரலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் வாயை மூடுறீகளா?" என்றேன். "எனக்குக் கேக்கல."

மூடினார்கள். கேட்டது. என் விரல் தானாகப் பிள்ளையின் முதுகில் தட்டத் தொடங்கியது. எஸ்தர் தட்டிய அதே வேகம்.